வாப், ஐ-மோட் தரங்களுக்கு இனி எதிர்காலம் உண்டா?

கேள்வி இதுதான்: 2000-ஐ ஒட்டி செல்போனில் இணையம் எட்டிப்பார்த்த காலத்து வாப் (வயர்லெஸ் அப்ளிகேஷன் புரோட்டகால்), ஜப்பானின் ஐ-மோட் போன்ற தரங்கள் முழுக்கச் செத்துவிட்டனவா, அல்லது அவற்றுக்கு இனியும் ஏதாவது எதிர்காலம் இருக்கிறதா?

பக்கங்களைக் காட்டும் பகுதி செத்துவிட்டது, திரும்பி வராது. அடியில் ஓடும் குழாய்களில் சில இந்த நிமிடம் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கின்றன. அவற்றின் பின்னால் இருந்த சிந்தனையோ முன்பைவிட இப்போதுதான் நன்றாக வாழ்கிறது. ஏன் இப்படிப் பிரிந்தது என்பதைப் புரிந்துகொள்ள, வாப் ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். வானலை வழி மெலிந்தது, அடிக்கடி அறுபடும், விலையும் அதிகம், ஆகவே கம்பிவழி இணையத்துக்குச் செய்த நெறிமுறைகள் (கருவிகள் தகவல் பரிமாறும் விதிகள்) அதில் அப்படியே ஓடாது என்பது முதலாவது. அதனால் செல்போனுக்கென்று தனி வலை வேண்டும், அதன் வாசலில் செல்போன் நிறுவனம் நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. என் கணிப்பில் முதலாவது முழுக்கச் சரி, இரண்டாவது முழுக்கத் தவறு. பிறகு நடந்த எல்லாவற்றையும் இந்த இரண்டிலிருந்தே விளக்கிவிடலாம்.

1997-ல் எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்டு பிளானெட் ஆகிய நான்கும் சேர்ந்து வாப் ஃபோரத்தைத் தொடங்கின. முதல் தரம் 1998-ல் வெளியானது. 1999 கடைசியில் விற்பனைக்கு வந்த நோக்கியா 7110-ஐ அந்தக் காலத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 96-க்கு 65 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைத் திரை. இணைப்பின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு பக்கம் சுமார் 1,400 பைட்டைத் தாண்டினால் அந்தப் போன் திறக்காது. இன்று நாம் அனுப்பும் ஒரு சாதாரண ஃபோட்டோ அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும்.

இந்த நெருக்கடிக்குள் அவர்கள் செய்த வேலையை நான் மதிக்கிறேன். டபிள்யூ.எம்.எல். என்ற பக்க மொழியில் ஒரு கோப்புக்குள் பல அட்டைகளை அடுக்கி அனுப்பலாம். ஒரு தடவை இறக்கிவிட்டால் அட்டைக்கு அட்டை நகர மறுபடி நெட்வொர்க்கைத் தொட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை எழுத்தாக அனுப்பாமல் இருமக் குறியீடாகச் சுருக்கி அனுப்பினார்கள். கோரிக்கையோடு போகும் தலைப்புத் தகவல்களையும் அப்படியே சுருக்கினார்கள். இணையத்தில் தகவல் தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் டி.சி.பி. நெறிமுறையை விட்டுவிட்டு, தகவலைச் சிறு துண்டுகளாக்கிய தனித்தனிப் பொட்டலங்களின் மேல் தங்களுடைய சொந்தப் பரிமாற்ற அடுக்கைக் கட்டினார்கள். சிக்னல் போய் வந்தால் பழைய உரையாடலை விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி வைத்தார்கள்.

இவ்வளவும் வேலை செய்ய நடுவில் ஒரு கேட்வே தேவைப்பட்டது. இணையத்தின் மொழியை வாப் மொழிக்கு மாற்றும் அந்தப் பெட்டி செல்போன் நிறுவனத்தின் கட்டடத்தில் இருந்தது. அந்த இரண்டாவது கருத்தின் தவறு நுழைந்த வாசல் அதுதான். வங்கிக்கும் போனுக்கும் நடுவில் போகும் ரகசியத் தகவல், கேட்வேயில் ஒரு கணம் பூட்டு திறந்து வெளிச்சத்துக்கு வந்து, வேறொரு பூட்டுப் போட்டுக்கொண்டு போனது. இதைப் பாதுகாப்பு வல்லுநர்கள் ‘வாப் இடைவெளி’ என்றே அழைத்தார்கள். கவலைப்பட்ட வங்கிகள் சில, கேட்வேயைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மக்கள் கைவிட்டதற்கு முக்கியக் காரணம் இதுகூட இல்லை, பில்தான். பொட்டல முறையில் டேட்டா தரும் ஜி.பி.ஆர்.எஸ். பரவாத அந்த முதல் வருடங்களில் வாப், சாதாரண அழைப்பைப் போலவே ஒரு தடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஓடியது. இணைப்பு கிடைக்கவே பல நொடிகள் காத்திருக்க வேண்டும், அப்புறம் நிமிடக் கணக்கில் காசு. 2000-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் குழு லண்டனில் 20 பேர் கையில் வாப் போன்களைக் கொடுத்து ஒரு வாரம் பயன்படுத்தச் சொன்னது. முடிவில் 70 சதவீதம் பேர் இன்னும் ஒரு வருடத்துக்கு இது வேண்டாம் என்றார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலை வாப்பில் பார்க்க ஆகும் செலவைவிட, ஒரு செய்தித்தாளை வாங்கி அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுவது மலிவு என்று அந்த அறிக்கை கணக்குப் போட்டுக் காட்டியது.

அதே காலத்தில் ஜப்பானில் நடந்தது வேறு. 1999 பிப்ரவரி 22 அன்று என்.டி.டி. டோகோமோ என்ற செல்போன் நிறுவனம் ஐ-மோடைத் தொடங்கியது. அங்கேயும் வேகம் அதே 9.6 கிலோபிட், முதல் போன்களின் திரையும் சின்னதுதான். ஆனால் ஐ-மோட் பொட்டல முறையில் ஓடியது: எப்போதும் இணைப்பில் இருக்கும், 128 பைட் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு 0.3 யென், மாதச் சந்தா 300 யென். எவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காசு ஏறாது. பக்க மொழி, எச்.டி.எம்.எல்.லைச் சுருக்கிய ஒரு வடிவம். ஏற்கெனவே இணையதளம் செய்யத் தெரிந்தவர் புது மொழி கற்காமல் ஐ-மோட் பக்கம் எழுதிவிடலாம். தளம் நடத்துபவர் வாடிக்கையாளரிடம் மாதம் 100, 200 யென் என்று வாங்க விரும்பினால், டோகோமோ அதைப் போன் பில்லிலேயே சேர்த்து வசூலித்து, தனக்கு 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டது. இன்று ஆப் ஸ்டோர்கள் 30 சதவீதம் வரை பிடிப்பதோடு ஒப்பிட்டால் இந்த 9-இன் அருமை தெரியும். ஒன்றரை வருடத்தில் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

வாப்பும் ஐ-மோடும் தொழில்நுட்பத்தில் சண்டை போட்டன என்று எழுதுவது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. வேகம் ஒன்று, திரையும் கிட்டத்தட்ட ஒன்று. பில் போடும் முறையும் பங்குப் பிரிப்பும்தான் ஐ-மோடைத் தூக்கி நிறுத்தின. அந்த ஏற்பாடு டோகோமோவின் கைக்குள் மட்டும் சாத்தியமானது என்பதால் வெளியே போனபோது எடுபடவில்லை. பிரிட்டனில் ஓ2 நிறுவனம் 2005-ல் ஐ-மோடைத் தொடங்கி, சில வருடங்களிலேயே கைவிட்டது. ஜப்பானிலும் 2019 செப்டம்பரோடு புதிய சந்தாக்களை நிறுத்தினார்கள். 3ஜி நெட்வொர்க்கோடு சேர்த்து ஐ-மோடுக்கு டோகோமோ குறித்த முடிவுத் தேதி 2026 மார்ச் 31.

ஐ-மோடிலிருந்து ஒன்று மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. ஷிகெடகா குரிடா ஐ-மோடுக்காக 12-க்கு 12 புள்ளிகளில் வரைந்த 176 சிறு படங்கள். அதற்கு முன்பே, 1997-ல், ஜே-போன் நிறுவனம் ஒரு கைபேசியில் எமோஜி வைத்திருந்தது. பழக்கமாக்கியது டோகோமோதான். ஜப்பானிய நிறுவனங்கள் ஆளுக்கொரு குறியீட்டு எண் வைத்திருந்ததால் ஒருவர் அனுப்பிய படம் இன்னொருவருக்குப் போய்ச் சேராமல் இருந்தது. 2010-ல், உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொது எண் தரும் யூனிகோடின் 6.0 பதிப்பு அவற்றை ஒரே தரத்துக்குள் கொண்டுவந்தது. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இதயத்தின் வேர் அங்கே இருக்கிறது.

சரி, பக்கங்கள் எப்படிச் செத்தன? பலரும் ஐபோனைக் காரணம் சொல்வார்கள். 2007-ல் ஐபோன் முழு இணையப் பக்கத்தையும் திரையில் காட்டியது உண்மை. ஆனால் நம் ஊரில் அந்த வேலையை முதலில் செய்தது ஓபெரா மினி. 2006 தொடக்கத்தில் உலகம் முழுக்கக் கிடைத்த இந்தச் சிறு உலாவி, பக்கத்தைத் தன் சர்வரில் வரைந்து, சுருக்கி, போனுக்கு அனுப்பியது. ஜாவா ஓடும் மலிவான நோக்கியாவில்கூட எந்தத் தளத்தையும் திறக்க முடிந்தது. தமிழுக்கு இது பெரிய கதவு. அந்தப் போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபெரா மினியின் முகவரிப் பட்டையில் ‘ஓபெரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துரு பயன்படுத்து என்ற அமைப்பை ‘ஆம்’ என்று மாற்றிவிட்டால், சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். தமிழ் வலைப்பதிவுகளைப் பேருந்தில் படித்த ஒரு தலைமுறை இந்த ஒரு மாற்றத்தால் உருவானது. டபிள்யூ.எம்.எல். தரமும் யூனிகோடை ஏற்றுக்கொண்டதுதான். தரத்தில் இடம் இருந்து போனில் எழுத்துரு இல்லாவிட்டால் படிப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

வாப் 2.0 வந்தபோதே வாப் தன் பழைய பக்க மொழியைப் பாதி கைவிட்டிருந்தது. எக்ஸ்.எச்.டி.எம்.எல்.லின் கைபேசி வடிவத்தையும் வழக்கமான டி.சி.பி.யையும் ஏற்றுக்கொண்டது. 2002-ல் வாப் ஃபோரமே ஓபன் மொபைல் அலையன்ஸ் என்ற தர அமைப்புக்குள் கரைந்தது. 2010-ல் ஈதன் மார்காட் திரைக்கேற்ப வளையும் பக்க வடிவமைப்பை முன்வைத்த பிறகு, செல்போனுக்கென்று தனித் தளம் என்ற யோசனைக்கே தேவை குறைந்தது.

பழைய போனில் இன்று இணையம் திறக்காததற்குத் திரையின் அளவு காரணம் இல்லை, பூட்டுகள்தான். இன்றைய தளங்களில் பெரும்பாலானவை, தகவலைப் பூட்டி அனுப்பும் டி.எல்.எஸ். முறையில் 1.2 பதிப்புக்குக் கீழே பேசுவதில்லை. 2020-ஐ ஒட்டி முக்கிய உலாவிகள் பழைய பதிப்புகளை நிறுத்திவிட்டன. தளம் உண்மையானதா என்று சரிபார்க்கப் போனுக்குள் வைத்துத் தந்த மூலச் சான்றிதழ்களும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு சான்றிதழ் காலாவதியானபோது பல பழைய கருவிகளில் எத்தனையோ தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. டபிள்யூ.எம்.எல்.லை யாராவது மறுபடி உயிர்ப்பித்தால்கூட அந்தப் போன்கள் இணையத்துக்குள் நுழைய முடியாது.

இனி இன்றும் ஓடும் பகுதி. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய் ஏ.பி.என். (டேட்டா இணைப்புக்கான அமைப்பு) விவரத்தைத் திறந்து பாருங்கள். எம்.எம்.எஸ்.சி., எம்.எம்.எஸ். புராக்ஸி, எம்.எம்.எஸ். போர்ட் என்று இடங்கள் இருக்கும். எம்.எம்.எஸ். என்ற படச் செய்திக்காக வாப் விட்டுச்சென்றவை அவை. ஒருவர் உங்களுக்கு எம்.எம்.எஸ். அனுப்பினால் முதலில் வருவது படம் இல்லை. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்குள் வாப் புஷ் என்ற அறிவிப்பு, எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் 2948 என்ற போர்ட் எண்ணைத் தாங்கி வருகிறது. அதில் படம் எங்கே கிடக்கிறது என்ற முகவரி, 1999 காலத்து வாப் இருமக் குறியீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். போன் அதைப் பிரித்துப் படித்துத்தான் படத்தை இறக்குகிறது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலில் இதைச் செய்யும் பகுதிக்கு ‘வாப் புஷ் ஓவர் எஸ்.எம்.எஸ்.’ என்றே பெயர். ஏ.பி.என். விவரத்தில் வகை என்ற இடத்தில் ‘எஸ்.யூ.பி.எல்.’ என்று இருந்தால் அதுவும் ஓபன் மொபைல் அலையன்ஸின் தரம்தான். ஜி.பி.எஸ். சீக்கிரம் இடத்தைப் பிடிக்க உதவும் தகவலை அது கொண்டுவருகிறது.

இவற்றை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் பிழைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. 2019-ல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆபரேட்டர் அனுப்பும் அமைப்புச் செய்தியைப் போலப் போலியாக ஒன்றை அனுப்பி, சாம்சங், ஹுவாவே, எல்.ஜி., சோனி போன்களின் இணையப் போக்குவரத்தைத் தாக்குபவரின் சர்வர் வழியாகத் திருப்ப முடியும் என்று காட்டினார்கள். பயனர் ஒரு தடவை ‘சரி’ என்று அழுத்தினால் போதும். ஜி.பி.ஆர்.எஸ். செட்டிங்ஸ் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்து விழுந்த நாட்கள் நினைவிருக்கிறதா? அதே வழிதான் இதுவும். ஆபரேட்டரிடம் நீங்கள் கேட்காமல் அப்படி ஒரு அமைப்புச் செய்தி வந்தால் ஏற்காதீர்கள்.

இந்தக் குழாய்கள் எவ்வளவு காலம் ஓடும்? எம்.எம்.எஸ்.ஸைப் பெருமளவு இழுத்துக்கொண்டிருந்தது அமெரிக்கா. ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்த குழுச் செய்திகள் அங்கே அதில்தான் போயின. 2024-ல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 18, எம்.எம்.எஸ்.ஸுக்கு மாற்றான ஆர்.சி.எஸ். என்ற புதிய செய்தித் தரத்தை ஏற்றதும் அந்தத் தேவை இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆர்.சி.எஸ். கிடைக்காத இடத்தில் போன் எம்.எம்.எஸ்.ஸுக்கே திரும்புகிறது. 4ஜி, 5ஜி வழியாகவும் எம்.எம்.எஸ். போகும் என்பதால் 2ஜி, 3ஜி அணைந்தாலும் இது உடனே நிற்காது. இந்தியாவில் ஏர்டெல் 3ஜியை முதலில் மூடிவிட்டு 2ஜியை வைத்திருக்கிறது. பட்டன் போன்கள் இங்கே இன்னும் ஏராளம், கார்டு தேய்க்கும் கருவிகளும் அதை நம்பியிருக்கின்றன. என் ஊகம், எம்.எம்.எஸ். இன்னும் பத்து வருடமாவது மூலையில் உயிரோடு இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சிந்தனைகளின் மறுவருகை. 2000-த்தில் வாப்பைப் பழித்தவர்கள், இணையத்துக்கு ஏற்கெனவே டி.சி.பி.யும், பக்கங்களைக் கேட்டு வாங்கும் எச்.டி.டி.பி.யும் இருக்க எதற்குத் தனி நெறிமுறை என்று கேட்டார்கள். 2015-ல் எச்.டி.டி.பி./2 வந்தபோது எழுத்தாகப் போன தலைப்புகள் இருமக் குறியீடாயின, சுருக்கவும்பட்டன. 2022-ல் தரமாக வெளியான எச்.டி.டி.பி./3 டி.சி.பி.யையே விட்டுவிட்டு, யூ.டி.பி. என்ற எளிய பொட்டல முறையின் மேல் குயிக் என்ற புதிய அடுக்கில் ஓடுகிறது. வானலையில் ஒரு பொட்டலம் தொலைந்தால் டி.சி.பி. அதை நெரிசல் என்று தவறாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும், பின்னால் வரும் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். தொலைந்த ஒன்றுக்காக மற்றவை காத்திருக்கும் சிக்கலைக் குயிக் தளர்த்தியது. வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அது உரையாடலை அறுக்காமல் தொடர்கிறது. வாப் 1998-ல் எழுதிய பிரச்சினைப் பட்டியலும் இதுதான். குயிக்கை எழுதியவர்கள் வாப்பைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரச்சினை மாறாமல் இருந்ததால் விடைகள் ஒரே திசையில் போய் நின்றன.

சிறு கருவிகளின் உலகத்தில் உறவு இன்னும் நெருக்கம். மீட்டர், சென்சார் போன்றவற்றுக்காக 2014-ல் வந்த கோயாப் நெறிமுறை யூ.டி.பி.யின் மேல் ஓடுகிறது, அதன் கட்டாயத் தலைப்பு வெறும் 4 பைட். நொடிக்குச் சில கிலோபிட் மட்டுமே கிடைக்கும், பேட்டரியில் பல வருடம் ஓட வேண்டிய ஒரு தண்ணீர் மீட்டரின் நிலைமை 1999-இன் நோக்கியா 7110-இன் நிலைமைதான். இங்கே நேரடி வாரிசும் உண்டு. கோயாப்பின் மேல் ஓடி இத்தகைய கருவிகளை நிர்வகிக்கும் லைட்வெயிட் எம்2எம் தரத்தை உருவாக்கியது, வாப் ஃபோரம் போய்க் கரைந்த அதே ஓபன் மொபைல் அலையன்ஸ்.

வாசலில் ஒரு நிறுவனம் நிற்க வேண்டும் என்ற இரண்டாவது சிந்தனையும் சாகவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இந்தியாவில், தேர்ந்தெடுத்த தளங்களை டேட்டா கட்டணம் இல்லாமல் காட்டும் இன்டர்நெட்.ஓஆர்ஜியைத் தொடங்கியது. தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிற்பாடு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறிய அதில் சேர ஒரு தளம் ஜாவாஸ்கிரிப்டும் வீடியோவும் இல்லாமல், மெலிந்த பக்கமாக, அவர்களுடைய புராக்ஸி வழியாகப் போக வேண்டும். மெலிந்த பக்கம், நடுவில் ஒரு பெட்டி, எந்தத் தளம் உள்ளே வரலாம் என்று முடிவுசெய்யும் ஒரு நிறுவனம்: வாப் கேட்வே அப்படியே திரும்பி வந்திருந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், தளத்துக்குத் தகுந்தாற்போல் டேட்டா கட்டணத்தை மாற்றுவதற்குத் தடை விதித்தது, அது இந்தியாவில் முடிவுக்கு வந்தது. மெலிந்த பக்கம் நல்ல விஷயம். அதை வாசல்காரரின் அனுமதியோடு கட்டிப்போட்டதுதான் தவறு. செல்போனில் வேகமாகத் திறக்கக் கூகுள் வகுத்த மெலிந்த வடிவமான ஆம்ப் பக்கங்களும் இதே குழப்பத்தில் மாட்டின. செய்திகளின் மேல்வரிசையில் வர ஆம்ப் கட்டாயம் என்ற நிபந்தனையைக் கூகுள் 2021-ல் எடுத்துவிட்டது.

அந்த வாசலின் இன்னொரு வேலை இப்போது மரியாதையான உருவில் திரும்பியிருக்கிறது. பழைய கேட்வேக்கள் உங்கள் செல்போன் எண்ணைக் கோரிக்கையின் தலைப்பிலேயே சேர்த்துத் தளத்துக்கு அனுப்பின. வால்பேப்பரைத் தொட்டதும் மாதச் சந்தா பிடிக்கப்பட்ட தொல்லைக்கு அதுவும் வழிவிட்டது. அத்தகைய சேவைகளுக்கு வாடிக்கையாளரின் இரட்டை ஒப்புதல் வேண்டும், வாப் வழியாக வந்தாலும் சரி என்று ட்ராய் 2013-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. இன்று, செல்போன் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. 2023-ல் தொடங்கிய ஓபன் கேட்வே திட்டத்தில், ஓ.டி.பி. இல்லாமலே உங்கள் எண்ணை ஆபரேட்டர் உறுதிப்படுத்தும் வசதி இருக்கிறது. ஓ.டி.பி. மோசடிகளைப் பார்க்கும்போது இது தேவைதான். ஆனால் யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்பதைப் பயனருக்குக் காட்டாமல் இதை நடத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கடைசியாக, அந்தத் தரங்களில் எழுதப்பட்டவற்றின் எதிர்காலம். வாப்பின் விவரக்குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. 1999-ல் பின்லாந்தில் தொடங்கிய கன்னெல் என்ற திறந்த மூல கேட்வேயின் நிரலும் கிடைக்கிறது. எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலைக்காக இன்னும் அதை ஓட்டுகிறார்கள். ஒரு லினக்ஸ் கணினியில் அதை நிறுவி, பழைய போனைப் போலவே இயங்கும் எமுலேட்டர் நிரலை வைத்து, வாப் எப்படி ஓடியது என்று மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். ஐ-மோடின் நிலை மோசம். அதிகாரப்பூர்வத் தளங்கள் பலவும் டோகோமோவின் நெட்வொர்க்கிலிருந்து மட்டுமே திறந்தன, அதனால் இணைய ஆவணகங்கள் அவற்றை எட்டவே முடியவில்லை. 2001-லிருந்து வந்த ஐ-ஆப்ளி ஜாவா விளையாட்டுகளைத் தன்னார்வலர்கள் பழைய போன்களின் நினைவகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கிறார்கள். ஜி-மோட் நிறுவனம் தன் பழைய விளையாட்டுகளை 2020-லிருந்து நின்டெண்டோ ஸ்விட்சில் மறுபடி வெளியிட்டு வருகிறது. நிறுவனத்தின் ஆதரவு இல்லாத மற்றவை அந்தப் போன்களோடு போய்விடும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய பட்டன் போன் இருந்தால், அதில் சேமித்த எம்.எம்.எஸ்., ஜாவா விளையாட்டு, தமிழ்ப் பக்கங்கள் இருந்தால், இப்போதே கணினிக்கு எடுத்துவிடுங்கள். மின்சாரமே பாயாமல் பல வருடம் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகம் மெல்ல மெல்லத் தகவலை இழக்கும். டேட்டா கேபிள் கிடைக்காவிட்டால், போனில் புளூடூத் இருந்தால் அதையும் முயன்று பார்க்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடாமல் கழற்றிவிட்டு, அதே மாடலுக்கு வேறு பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.